முப்பத்தேழாம் பக்கம்

புத்தகத்தைத் திறக்காமலே அட்டை முதல் அட்டை வரை படித்துவிடும் இயந்திரம் வரப்போகிறது என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், கோகிலவாணி "போங்க, உங்களுக்கு வேற வேலை இல்லை" என்று சிரித்திருப்பாள். இப்போது அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவளே அவள்தான்.

இருகூரில் மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலையின் கொட்டகைக்கு வெள்ளையடித்து, அரசாங்கம் ‘நூலக மாற்று நிலையம்’ என்று பெயர் மாட்டியிருந்தது. ஊர் ஊராக நூலகங்களிலிருந்து புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பெட்டியை இயந்திரத்தின் வாயில் கவிழ்த்தால் ஒவ்வொரு புத்தகமாக ரப்பர் பட்டையில் ஏறி உள்ளே போகும். ஐந்து விநாடி ஊதா வெளிச்சம். மறுபக்கம் வெளியே வரும்போது அதன் அத்தனை பக்கமும் சர்வருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. மூன்று நாள் கிடங்கில் கிடந்துவிட்டுக் கூழ்த் தொட்டிக்குப் போகும்.

புத்தகம் அனுப்பிய ஊருக்குப் பதிலாக வாசிப்புப் பலகைகள் போகும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை, அதற்குள் நாற்பது லட்சம் புத்தகம். எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும், கரையான் அரிக்காது, மழை நனைக்காது. குறை சொல்ல வாய் வராது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பைரோஸின் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்ப் பன்னிரண்டு வருஷம். பலகை வந்த பிறகு அந்த அம்மா வாரத்துக்கு மூன்று நாவல் முடிக்கிறாராம். முடித்த கையோடு கதையை மருமகளிடம் சொல்லி, அவளை ஒரு வேலையும் செய்யவிடாமல் படுத்துகிறாராம்.

இயந்திரத்தின் இன்னொரு வித்தையைக் கோகிலவாணி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம்தான் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று பைரோஸ் கூப்பிட்டான். திரையில் ஒரு சமையல் புத்தகத்தின் பக்கம் இருந்தது. அவன் எதையோ தொட்டான். எழுத்தெல்லாம் மறைந்து திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் பச்சையும் மஞ்சளுமாக விரல்கள் ஒளிர்ந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான விரல்கள்.

"என்ன தம்பி இது?"

"அழுக்குங்க்கா. பக்கத்துல மை மட்டுமா இருக்குது? தொட்டவங்க கை எண்ணெய், வேர்வை, உப்பு, மஞ்சத்தூளு, பென்சில் கோடு, அம்புட்டும் ஒட்டிக் கெடக்குதுல்ல. அதையெல்லாம் தனியாப் பிரிச்சாத்தான் எழுத்து சுத்தமா வரும். எழுத்து பலகைக்குப் போயிரும். மிச்சம் நிக்கிற இதுக்கு அழுக்குத் தளம்னு பேரு."

"இத என்ன பண்ணுவீங்க?"

"மூணு நாள் வெச்சிருந்து அழிச்சிருவோம். குப்பைதானுங்களே."

குப்பையாம்! கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. இத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள், ஒருத்தர் கையை ஒருத்தர் கண்டதில்லை, எல்லாரும் ஒரே பக்கத்தில் கைமேல் கை வைத்துக் கிடக்கிறார்கள். இதைப் பார்க்க மனுஷக் கண்ணுக்கு இதுவரை கொடுத்து வைக்கவில்லை. அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து மத்தியானச் சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுக்குத் தளத்தைத்தான் பார்ப்பாள். ஒரே குடும்ப நாவல் பதினான்கு ஊர்களிலிருந்து வந்தது. பதினான்கு பிரதியிலும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உப்புத் துளிகள். கண்ணீர்தான். ஒருவரையொருவர் தெரியாத பதினான்கு ஊர்ச் சனம் ஒரே வரியில் வந்து அழுதிருக்கிறது. அடேயப்பா! இன்னொரு நாள் ஒரு சட்டப் புத்தகம் வந்தது. முந்நூறு பக்கத்தில் யார் கையும் படவில்லை. பெற்ற பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிற ஒரே பக்கத்தில் மட்டும் ஒரே கை, நாற்பது தடவைக்கு மேல். கோகிலவாணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செய்தி வெளியே போகாமல் இருக்குமா? ஒரு பத்திரிகைக்காரர் வந்து பார்த்துவிட்டு எழுதினார். பிறகு டி.வி.யில் காட்டினார்கள். அதற்கு மறுவாரம் அவளுடைய அண்ணன் தண்டபாணி நிலையத்துக்கே வந்து நின்றான்.

தண்டபாணியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வான்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் கடைக்குட்டி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இருபத்தொரு வயதில், செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஜெயசீலனோடு போய்விட்டாள். பையன் வேறு சாதி. நான்காம் நாள் தண்டபாணியும் இரண்டு சித்தப்பாக்களும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். வந்ததும் வராததுமாகக் காரைக் கழுவினார்கள். தண்டபாணி வாசல் குழாயிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, "இனி இந்த வீட்டுல அவ பேச்சை எடுக்கக் கூடாது" என்றான். அவ்வளவுதான்.

இவ்வளவு காலமும் கோகிலவாணி அந்த ஈரத் தலையை மறக்கவில்லை. என்ன செய்தாய் என்று அண்ணனைக் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டு, அவன் பதில் சொல்லிவிட்டால்? தங்கை ஓடிப்போன வீடு என்று அவளுக்கு வந்த வரன்களும் நின்றன. நாற்பத்தேழு வயதில் அவள் தனியாக ஒரு வீட்டில், செத்துப் போனாளா இருக்கிறாளா என்று தெரியாத ஒருத்திக்காக விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

தண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தான். சாதிச் சங்கத்தில் இப்போது பெரிய பொறுப்பு.

"ஏனம்மிணி, டி.வி.ல பாத்தேன். இந்த மெசினுல தொட்டவங்க கையெல்லாம் தெரியுமாமா?"

"தெரியுமுங்ணா."

"அப்ப, ஒரு ஆளோட கையைக் குடுத்தா, அந்தக் கை எந்த ஊர்ப் புத்தகத்துல இருக்குதுன்னு சொல்லிப்போடுமா?"

"யாரோட கைங்ணா?"

"வேற யாரு? அவதான். அன்னிக்கு சேலம், ஓசூருன்னு ரெண்டு நாள் சுத்துனோம், அம்மிணி. ஒரு தடயமும் கெடைக்கல. இன்னைக்கு வரைக்கும் எங்க போய் ஒளிஞ்சான்னு தெரியாது. அவளோட பழைய டைரி ஒன்னு எங்கிட்ட இருக்குது. அதுல அவ கை ஒட்டியிருக்கும்ல?"

கோகிலவாணிக்கு அந்தக் கொட்டகையே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கண்டுபிடிக்கவில்லை! அண்ணன் கையில் ரத்தம் இல்லை! எழுந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலிருந்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது: இவன் இன்னும் தேடுகிறான்.

"எதுக்குங்ணா இப்பத் தேடறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். பாசமா, பழைய வன்மமா, வயதான காலத்துக் குற்றவுணர்ச்சியா, எதுவாகவும் இருக்கலாம். கூடப் பிறந்தவள்தான், ஆனால் அவளால் படிக்க முடியவில்லை.

"அதெல்லாம் நாங்க உடனே அழிச்சுப்போடறோமுங்ணா. டி.வி.ல ஒன்னை ஒம்போதாச் சொல்றாங்க" என்று துணிந்து ஒரு பொய்யைச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவன் போன பிறகு அவளும் தேட ஆரம்பித்தாள். அவளுக்கு டைரி தேவையில்லை. கையைப் பதிவு செய்து தேடச் சொன்னால் அது எல்லாக் கணினியிலும் ஏறிவிடும், நாளைக்கு யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். வான்மதியைத் தேட அவளிடம் வேறு வழி இருந்தது.

வாடகை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். வாரத்துக்கு நாலு நாவல் படித்தால் எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கிழிந்த அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை போட்டுவிட்டால் பெயரும் மறந்துபோகும். அதனால் ஆளுக்கொரு பக்க எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை புத்தகத்தை எடுத்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். நூலகக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்துவார். யார் கேட்டது?

சிங்காநல்லூர் வாடகை நூலகத்தில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு. இரண்டு பேருக்கும் முப்பத்தேழாம் பக்கம். கோகிலவாணி படித்துவிட்டால் ஓரத்தில் ஒரு டிக். வான்மதி படித்துவிட்டால் அதற்குக் கீழே ஒரு சின்ன வட்டம். வான்மதி முந்திக்கொண்டால், அக்காவின் டிக்குக்கென்று மேலே ஒரு விரல் அகலம் இடம் விட்டுத்தான் வட்டம் போடுவாள். அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஆகவே கோகிலவாணி இயந்திரத்தை அதற்குத் தகுந்தபடி திருப்பி வைத்தாள். எந்த ஊர்ப் பெட்டி வந்தாலும் ஒவ்வொரு புத்தகத்திலும் முப்பத்தேழாம் பக்கத்தின் அழுக்கு மட்டும் பக்கவாட்டுத் திரையில் ஓடும். ஒரு பக்கத்துக்கு ஒரு நொடி. எட்டு மாதம் பார்த்தாள். என்னென்ன அடையாளங்கள்! நட்சத்திரம், வேல், மீன், இனிஷியல். ஒருவர் ஒவ்வொரு புத்தகத்திலும் ‘சுமார்’ என்றே எழுதி வைத்திருந்தார். வட்டங்களும் வந்தன. அவசரமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் டீ டம்ளர் வைத்த தடமாக இருக்கும்.

வால்பாறை மலையில் ஈச்சம்பாறை என்று ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே இருந்த தொழிலாளர் நூலகத்திலிருந்து ஒரு வியாழக்கிழமை ஏழு பெட்டி வந்தது. முதல் பெட்டியில் ஒன்பதாவது புத்தகம். முப்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்கு மேலே ஒரு விரல் அகலம் வெறும் இடம்.

கோகிலவாணி பட்டையை நிறுத்தினாள். புத்தகம் எப்போது அச்சானது என்று பார்த்தாள். வான்மதி வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் கழித்து.

இருக்கிறாள். என் தங்கை இருக்கிறாள்!

சந்தோஷம் வந்ததா என்றால், முதலில் வந்தது ஆத்திரம்தான். ‘அடிப் பாவி! செத்துப் போனவளுக்கு அழுகிற மாதிரி இத்தனை வருஷம் அழுதேனே, நீ நூறு கிலோமீட்டரில் மலைமேல் உட்கார்ந்து நாவலா படித்துக்கொண்டிருந்தாய்?’ அப்புறம்தான் அந்த வெறும் இடம் அவள் மனதில் ஏறியது. கார்டு இல்லை, அக்கா இல்லை, திரும்பிப் போக வழியும் இல்லை. அப்படியிருந்தும் அக்கா போட வேண்டிய டிக்குக்கு இடம் விட்டிருக்கிறாள். அவள் படித்த அத்தனை புத்தகத்திலும் விட்டிருக்கிறாள். கோகிலவாணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றும் வெள்ளிக்கிழமையும் அவள் வேறு பெட்டியைத் தொடவில்லை. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டை வைத்துக்கொண்டு, எந்தப் புத்தகத்தை எந்த வருஷம் எடுத்தாள் என்று வரிசைப்படுத்தினாள். தங்கையின் கை எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. இடது கட்டைவிரலால் பக்கத்தை அமுக்கிப் பிடிக்கிறாள். பயங்கரமான கட்டத்தில் அதே விரல் ஓரத்தைச் சுரண்டுகிறது. தேயிலைக் கறை சில வருஷம் இருக்கிறது, பிறகு இல்லை. கொழுந்து பறிக்கிற வேலையை விட்டிருக்க வேண்டும்.

அவள் வீட்டை விட்டுப் போன ஐந்தாவது வருஷத்துப் புத்தகம் ஒன்றில் பக்கத்தின் அடிமூலையில் வேறொன்று தெரிந்தது. சர்க்கரைப் பாகு ஒட்டிய, கோலிக்குண்டு அளவு விரல்நுனிகள் ஐந்து. குழந்தை!

"பைரோஸ் தம்பி, இங்க வாங்க. இந்தக் கைக்கு எத்தனை வயசிருக்கும்?"

பைரோஸ் அளந்து பார்த்தான். "ஒன்றரை வயசுங்க்கா. அம்மா மடில உக்காந்துட்டுப் பக்கத்தைப் புடிச்சு இழுத்திருக்குது." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "தெரிஞ்சவங்களுங்களா?"

"எங்க சொந்தந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் பார்த்ததை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். புத்தகத்துக்குப் புத்தகம் அந்தக் கை வளர்ந்தது. நான்கு வயதில் படப் புத்தகம் பூராவும் கடலைமிட்டாய். ஐந்தரை வயதில் ஒரு விரல் எழுத்து எழுத்தாக, வரிக்கு அடியில் ஊர்ந்து போயிருந்தது. பக்கத்திலேயே தாயின் விரல், ஒரு சொல் முன்னால். ஆறு வயதில் தாயின் விரல் இல்லை, சின்ன விரல் தனியாகவே ஓடியது. எட்டு வயதில் பேய்க்கதை, பக்கமெல்லாம் வேர்வை. பன்னிரண்டில் கணக்குப் புத்தகம், அங்கங்கே கண்ணீர். ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து ஆளாகிற அத்தனை வருஷமும், புகைப்படம் ஒன்றுகூட இல்லாமல், கறுப்புத் திரையில் பச்சை வெளிச்சமாக அவள் கண்முன்னால் ஓடியது. பெயர் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் மழைக்காலத்தில் எந்த விரலில் வெடிப்பு வரும் என்பதுகூடத் தெரிந்தது.

பத்து வயதிலிருந்து முப்பத்தேழாம் பக்கத்தில் மூன்றாவது அடையாளம் ஒன்று சேர்ந்துகொண்டது. வட்டத்துக்குக் கீழே ஒரு குட்டி முக்கோணம். மேலே அந்த வெறும் இடம் அப்படியேதான் இருந்தது. பெரியம்மாவுக்கு உரியது என்று பிள்ளைக்கும் சொல்லி வளர்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் அழுக்குத் தளங்களை அழிக்கக் கூடாது. வாசகர் ஆய்வுக்காக எல்லாம் சேமிக்கப்படும். தகுந்த காரணம் காட்டி யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துத் தேடிக்கொள்ளலாம். அது வந்த அரைமணி நேரத்தில் தண்டபாணி போன் பண்ணினான்.

"அம்மிணி, ரூல் மாறிப்போச்சாமா. திங்கக்கெழமை மொத ஆளா நான் வந்து நிக்கப்போறேன். டைரியையும் கொண்டாறேன்."

"சரிங்ணா" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

ஏழு பெட்டியின் அழுக்கும் திங்கட்கிழமைக்குள் அழிய வேண்டும். அதாவது அந்தக் கட்டைவிரல், கடலைமிட்டாய், வரிக்கு அடியில் ஊர்ந்த அந்த விரல், எல்லாம். உலகத்தில் வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. காகிதமும் கூழாகிவிடும். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கையைத் தன் கையாலேயே துடைத்துப் போட வேண்டும்.

சரி, துடைத்த பிறகாவது போய்ப் பார்க்கலாமா? அதுவும் அவளுக்கு விளங்கவில்லை. ஒளிந்து வாழ்கிறவள் அவள். குடும்பத்தில் யாரும் வேண்டாம் என்றுதானே போனாள்? அவள் அழைக்காமல், அவளுக்குத் தெரியாமல், அவள் விரலை மோப்பம் பிடித்துக்கொண்டு போய் வாசலில் நின்றால், அண்ணன் செய்வதற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? இப்படியே யோசித்து யோசித்து இரவு முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெட்டியாகத் திரைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசியாக ஒரு முறை பார்த்து, ‘அழி’யைத் தொட்டாள். திரை கறுக்கும். அடுத்தது. பைரோஸ் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, திங்கக்கெழமை பத்து மணி வரைக்கும் பழைய ரூல்தானுங்க. நீங்க அழிக்கறதுல தப்பில்ல. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க தம்பி."

அவன் போய் ஆறு பெட்டிக் காகிதத்தையும் தானே தள்ளுவண்டியில் ஏற்றிக் கூழ்த் தொட்டிக்குக் கொண்டுபோனான். நல்ல பிள்ளை.

ஏழாவது பெட்டியை இன்னும் இயந்திரத்தில் போடவில்லை. நூலகத்தில் மிஞ்சிய கழிவெல்லாம் அதில்தான் இருந்தது. பழைய பஞ்சாங்கங்கள், விதைப் பட்டியல்கள், முன்பக்கம் போன அகராதி. வரிசையாக உள்ளே போயின. முப்பத்தேழாம் பக்கத்தில் எதுவும் இல்லை. யார் பஞ்சாங்கத்தில் டிக் போடுவார்கள்?

திடீரென்று பட்டை நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. ‘எழுத்தைப் படிக்க முடியவில்லை. அழுக்கு அளவுக்கு மீறி உள்ளது’ என்றது திரை. அரசுப் பேருந்து நேர அட்டவணை, போன வருஷப் பதிப்பு. எண்பத்திரண்டாம் பக்கம்.

பைரோஸ் ஓடி வந்து அழுக்குத் தளத்தைத் திறந்தான்.

பக்கம் முழுக்க ஓர் உள்ளங்கை. விரல்நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, ரேகை ரேகையாக, அப்பிய தேங்காயெண்ணெயில் தகதகவென்று ஒளிர்ந்தது. அதன் அருகில் இன்னொரு கை, ஒரு சுற்றுத்தான் சிறியது. இரண்டு நாளாகக் கோகிலவாணி கண் எடுக்காமல் பார்த்த கைகள். அவளுக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

"என்னங்க்கா இது?" என்றான் பைரோஸ். "படிக்கறவங்க யாராச்சும் இப்புடி முழுக் கையை வெப்பாங்களா? அதும் எண்ணெய்யத் தேச்சுக்கிட்டு! காய்ஞ்சிருக்கறதப் பாத்தா பத்து நாள்கூட ஆகலைங்க. பெட்டி கட்டறப்ப வெச்சிருக்காங்க. இங்க அழுக்குத் தளம்னு ஒன்னு இருக்குது, அத ஒரு ஆளு உக்காந்து பாக்கும்னு தெரிஞ்சே வெச்ச மாதிரியில்ல இருக்குது?"

தெரிந்துதான் வைத்திருக்கிறாள். டி.வி. மலைமேலும் தெரியும். பெட்டி அனுப்பச் சொல்லி ஊர் ஊருக்குப் போகிற கடிதத்தின் அடியில், பெற்றுக்கொள்ளும் ஊழியர் என்று யார் பெயர் அச்சடித்திருக்கிறது? ச. கோகிலவாணி. கொழுந்து பறிப்பதை விட்டு அவள் சேர்ந்த வேலை அந்த எஸ்டேட் நூலகத்தில்தான் இருக்க வேண்டும். கடிதத்தைப் பிரித்துப் படித்த அன்றே அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்திருக்கிறாள். பிள்ளையையும் கூப்பிட்டு, நீயும் வை என்றிருக்கிறாள்.

"தம்பி, அந்தக் கைக்குக் கீழ என்ன எழுத்து இருந்துச்சுன்னு பாக்க முடியுமா?"

பைரோஸ் எதையெதையோ திருகி, எண்ணெயை மெல்லிசாக்கி, அடியில் இருந்த அச்சைக் கொண்டுவந்தான். பொள்ளாச்சியிலிருந்து மலைக்குப் போகிற பேருந்துகள். பெரிய கையின் ஆள்காட்டி விரல் ஒரு வரியின்மேல் இருந்தது. ஒரு தடவை வைத்த விரலில்லை. திரும்பத் திரும்ப, அழுத்தி அழுத்திக் குத்திய இடம். பொள்ளாச்சி ஒன்று இருபது, ஆழியாறு, அட்டகட்டி, வால்பாறை, ஈச்சம்பாறை எஸ்டேட்.

கோகிலவாணி அந்த வரியை ஒரு முறை படித்தாள். பிறகு கையை நீட்டி ‘அழி’யைத் தொட்டாள். திரை கறுத்தது. புத்தகத்தைப் பட்டையிலிருந்து எடுத்து, அவளே நடந்து போய்க் கூழ்த் தொட்டியில் போட்டாள். அது ஊறி, சுழன்று, கரைந்து போகும்வரை அங்கேயே நின்றாள். திரும்பி வந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு இன்னைக்கு லீவு வேணுமுங்க தம்பி. ஒரு பஸ்ஸப் புடிக்கோணும்."

பைரோஸ் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அவசரமாகத் தன் பலகையை எடுத்துத் தட்டினான். "ஒன்னு இருவதுக்கு நீங்க போய்ச் சேர முடியாதுங்க்கா. அதை விட்டா அந்த எஸ்டேட்டுக்குள்ள போறது மூணே காலுக்குத்தான். எதுக்கும் நாளைக்குப் போங்களேன்."

"பரவால்லீங்க தம்பி" என்றாள் கோகிலவாணி, படியிறங்கிக்கொண்டே. "நிப்பா."